டைல்ஸ்காரர் கான்சல் ஆன கதை

துறைமுகத்துக்குப் போகிற பெரிய ரோட்டில், சிக்னலைத் தாண்டியதும் இடது கைப்பக்கம் ஒரு டைல்ஸ் கடை. கடைக்கு மேலேயே வீடு. வாசலில் ஒரு பக்கம் வாஷ்பேசினும் கமோடும் வரிசை கட்டி நிற்கும். இன்னொரு பக்கம், சுவரில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஒரு பித்தளைப் பலகை. அதில் ஒரு கிரீடம், கிரீடத்துக்குக் கீழே ஒரு மீன், மீனுக்குக் கீழே ஒரு நாட்டின் பேர், அதற்கும் கீழே ‘ஹானரரி கான்சுலேட்’ என்று இங்கிலீஷில் எழுதியிருக்கும். கமோடு வாங்க வருகிறவர்கள் அதையும் ஏதோ டைல்ஸ் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு, “இந்த பிராண்டு என்ன விலை?” என்பார்கள். அப்போது கடைக்காரருக்கு வருகிற கோபம் இருக்கிறதே, பக்கத்துக் கடைக்காரர்கள் வேலையைப் போட்டுவிட்டு எட்டிப் பார்ப்பார்கள்.

ஆள் ஒன்றும் கெட்ட மனுஷர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது, ஏனென்றால் போகப் போக உங்களுக்கு அவர்மேல் எரிச்சல் வரும். கடையில் வேலை செய்கிறவர்களை ஒரு நாளும் ‘டா’ போட்டுக் கூப்பிட்டதில்லை. மாமியார் படுத்த படுக்கையாக இருந்தபோது தன் வீட்டிலேயே வைத்து முகம் கோணாமல் பார்த்துக்கொண்டார். ஒரே ஒரு பலவீனம். மரியாதை என்றால் மனுஷருக்கு உயிர். மைக்கைக் கண்டால் தொண்டை தானாகச் செருமும். முன்வரிசையில் காலி நாற்காலியைக் கண்டால் கால் தானாக நடக்கும்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. சின்ன வயதில் அவர் குழாய் ரிப்பேர் செய்தவர். பெரிய வீடுகளுக்குப் பின்வாசல் வழியாகத்தான் போவார். “ஏய், குழாய் வந்தாச்சா?” என்பார்கள். ஆள் வந்தாச்சா என்று யாரும் கேட்டதில்லை. குழாயிலிருந்து பாத்ரூம் சாமான், அதிலிருந்து டைல்ஸ் என்று கையூன்றிக் கரணம் போட்டு மேலே வந்த பிறகும் அந்த ‘ஏய்’ காதைவிட்டுப் போகவில்லை. யாராவது தெருவில் யாரையோ ஏய் என்று கூப்பிட்டால் இவர் திரும்பிப் பார்ப்பார். பார்த்துவிட்டு, தான் ஏன் திரும்பினோம் என்று அவரே அவர்மேல் கடுப்பாவார்.

கான்சல் வேலை அவருக்குக் கிடைத்ததே ஒரு தமாஷ். மேப்பில் சுண்டுவிரல் நகத்தை வைத்தால் மறைந்துபோகிற அளவுக்கு ஒரு குட்டி நாடு. அங்கேயிருந்துதான் அவருக்கு உசத்தியான டைல்ஸ் வந்துகொண்டிருந்தது. ஃபாக்டரியைப் பார்க்கக் கூப்பிட்டார்கள் என்று ஒரு தடவை போய் ஒரு வாரம் இருந்தார். அவருக்கு நல்ல காது, அதைக் குறை சொல்லவே முடியாது. ஓட்டலிலும் ஃபாக்டரியிலும் ஆளுக்கு ஆள் பேசுவதைக் கேட்டுக் கேட்டு இருபது முப்பது வாக்கியத்தைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தார். அடுத்த வருஷம் நம் ஊர்க் கண்காட்சிக்கு அந்த நாட்டு அம்பாசிடர் தலைநகரிலிருந்து வந்தார். நம்மவர் நேரே போய் அவர் பாஷையிலேயே வணக்கம் சொல்லி, “சூப் அருமை, இன்னும் கொஞ்சம் ஊற்றுங்கள்” என்றும் சொன்னார். சுற்றுவட்டாரத்தில் சூப்பே இல்லை. அம்பாசிடர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர்களுக்கும் துறைமுக ஊரில் ஒரு ஆள் தேவையாக இருந்தது. சில மாதங்களில் நியமன உத்தரவு வந்தது, பித்தளைப் பலகை வந்தது, காரில் செருகிக்கொள்ள ஒரு குட்டிக் கொடியும் வந்தது.

அன்றிலிருந்து மனுஷருக்குக் கால் தரையில் பாவவில்லை.

காய்கறி வாங்கப் போனால்கூடக் காரில் கொடி பறந்தது. வீட்டுக்காரம்மா தலையில் அடித்துக்கொண்டு முன்சீட்டிலிருந்து பின்சீட்டுக்கு மாறி உட்கார்ந்து பார்த்தார், அது இன்னும் மோசமாகப் போய்விட்டது. “இப்ப என்னைப் பாக்குறவங்க நான்தான் ஏதோ மகாராணின்னு நினைக்கிறாங்க. கத்திரிக்காய் விலையை டபுளா சொல்றாங்க” என்று புலம்பினார். தெருவில் எல்லோரும் அவரைக் கான்சல் என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். பாதிப் பேர் மரியாதையாகவும் மீதிப் பேர் கிண்டலாகவும் கூப்பிட்டார்கள். அவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அவர் மைத்துனர் ஒருத்தர் உண்டு, வீட்டுக்காரம்மாவின் தம்பி. வாய் சும்மா இருக்காது. “மாமா, இந்த ஹானரரின்னா என்ன?” என்று ஒரு நாள் கேட்டார்.

“கௌரவம்டா. கௌரவத் தூதர்.”

“சம்பளம்?”

“கௌரவத்துக்கு எவனாவது சம்பளம் கேட்பானா?”

உள்ளேயிருந்து வீட்டுக்காரம்மா குரல் கொடுத்தார். “சம்பளமில்லாத வேலைக்குப் பேரு கௌரவத் தூதர்னா, கல்யாணம் ஆன நாள்லேருந்து இந்த வீட்டுக்கு நான்தான் கௌரவத் தூதர். எனக்கும் ஒரு கொடி வாங்கிக் குடுங்க.”

விசிட்டிங் கார்டு அடிக்கும்போது முதல் தடவை ‘ஹானரரி கான்சல்’ என்று ஒழுங்காகத்தான் அடித்தார். இரண்டாம் தடவை, ஹானரரி இடத்தை அடைக்கிறது என்று அதைத் தூக்கிவிட்டார். மூன்றாம் தடவை அச்சகக்காரர், “வெறும் கான்சல்னு போட்டா மொட்டையா இருக்கு சார், பின்னாடி ஜெனரல்னு ஒண்ணு போட்டுக்கலாமே, எடுப்பா இருக்கும்” என்றார். இவரும் சரி என்றுவிட்டார். கடையின் புது ஷோரூம் திறப்பு விழா அழைப்பிதழில் கான்சல் ஜெனரலுக்கு முன்னால் ‘மேதகு’ என்று வேறு சேர்ந்துகொண்டது. அதில் ஒன்றைத் தூதரகத்துக்கும் அனுப்பிவைத்தாரே, அந்தத் துணிச்சலுக்கு ஒரு சபாஷ் போட வேண்டும்.

மறுவாரமே தூதரகத்திலிருந்து ஒரு பெண் அதிகாரி போன் செய்தார். நம் பக்கத்துப் பெண்தான், நம் பாஷையிலேயே பேசுவார். குரலில் சர்க்கரை.

“சார், அழைப்பிதழ் ரொம்ப அழகா இருந்துது. ஒரு சின்ன விஷயம். மேதகுன்னு அம்பாசிடருக்குத்தான் போடுவாங்க.”

“அப்படியா மேடம்? அச்சகத்துல ஏதோ…”

“அப்புறம், கான்சல் ஜெனரல்னா அவருக்குக் கீழே நாலு கான்சல் இருப்பாங்க சார். உங்களுக்குக் கீழே எத்தனை பேர்?”

“கடையில ஏழு பேர் இருக்காங்க மேடம்” என்று வாய் தவறிச் சொல்லிவிட்டார். அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குவது கேட்டது. இந்தப் பக்கம் இவருக்குக் காது மடல் வரைக்கும் சிவந்துவிட்டது.

பிறகு அந்தப் பெண் பொறுமையாக விளக்கினார். அம்பாசிடர் என்பவர் ஒரு அரசாங்கத்துக்காக இன்னொரு அரசாங்கத்தோடு பேசுகிறவர். கான்சல் அப்படியில்லை. அவர் மனுஷர்களுக்கு. எங்கள் நாட்டு ஆள் ஒருத்தர் உங்கள் ஊரில் பாஸ்போர்ட்டைத் தொலைத்தாலும், லாக்கப்பில் கிடந்தாலும், ஆஸ்பத்திரியில் கிடந்தாலும் அவர் கேட்கிற ஆள் கான்சல்தான். அவ்வளவுதான் அந்தப் பதவி. “ஹானரரின்னா சம்பளம் இல்லைன்னு அர்த்தம் சார். வேலை இல்லைன்னு அர்த்தம் இல்லை. போர்டுல, கார்டுல எல்லாம் அந்த வார்த்தையையும் சேர்த்தே போட்டுடுங்க, ப்ளீஸ்.”

மூக்கறுபட்டு உட்கார்ந்திருந்தார் மனுஷர். கார்டையெல்லாம் திரும்ப அடித்தார். ஆனால் அவருக்கு உறைத்தது மேதகு போன வருத்தம்தான். அந்தப் பெண் சொன்ன மீதி விஷயம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விட்டது. அதற்கும் அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பலகை மாட்டி இத்தனை வருஷத்தில் அந்த நாட்டு ஆள் என்று இந்த ஊரில் அவரைத் தேடி வந்தது ஒரே ஒருத்தர், அதுவும் பாத்ரூம் எங்கே என்று கேட்டுக்கொண்டு.

அப்படியிருக்கும்போதுதான் வர்த்தகர் சங்க ஆண்டுவிழா வந்தது. முதல் முறையாக இவர் சிறப்பு விருந்தினர். சங்கத்துத் தலைவரே வீடு தேடி வந்து கூப்பிட்டார். “உறுப்பினர்களுக்கெல்லாம் ஒரே சந்தேகம் சார். அம்பாசிடர்ங்கிறாங்க, கான்சல்ங்கிறாங்க, என்ன வித்தியாசம்னு யாருக்கும் தெரியலை. நீங்களே விளக்கிச் சொன்னா நல்லா இருக்கும்.” இந்தத் தலைவர் வீட்டுக்குத்தான் ஒரு காலத்தில் இவர் பின்வாசல் வழியாகப் போய்க் குழாய் மாட்டினார். தலைவருக்கு அது ஞாபகமில்லை. இவருக்கு எப்படி மறக்கும்? அன்று ராத்திரி வீட்டுக்காரம்மாவிடம் அதைச் சொன்னபோது கண் கலங்கிவிட்டார். அந்தம்மாவுக்கும் மனசு இளகிப் புதுக் கோட்டு தைத்துக்கொள்ளச் சொன்னார்.

விழா நாளன்று மத்தியானம். கோட்டைப் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்று பேச்சை ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது.

“கான்சல் வீடுங்களா?”

“கான்சல்தான் பேசுறேன்.”

“சார், நான் அரசு ஆஸ்பத்திரி ஹெட் நர்ஸ். காலையில ஒரு கப்பல்லேருந்து உங்க நாட்டு ஆள் ஒருத்தரை இறக்கி விட்டுட்டுப் போயிருக்காங்க. கப்பல் கிளம்பிடுச்சு. குடல்வால் வெடிச்சு உள்ளே எல்லாம் பரவிடுச்சு சார். ஆபரேஷன் பண்ணிட்டோம், ஆனா பொழைக்கிறது கஷ்டம்னு டாக்டர் சொல்றார். சின்ன வயசு. என்னமோ கேட்டுக்கிட்டே இருக்கார், எங்களுக்கு ஒரு எழவும் புரியலை. புரிஞ்ச ஒரே வார்த்தை கான்சல்தான். உங்களுக்கு அந்த பாஷை தெரியுமாமே?”

“தெரியுமே! நல்லாவே தெரியும்” என்றார். சொல்லும்போது நெஞ்சு நிமிர்ந்ததைக் கண்ணாடியிலேயே பார்த்தார்.

“அப்பாடா. எப்ப வர்றீங்க சார்?”

நிமிர்ந்த நெஞ்சு மெல்ல இறங்கியது. “இன்னிக்கு எனக்கு ஒரு முக்கியமான ப்ரோக்ராம் இருக்கும்மா. நாளைக்குக் காலையில முதல் வேலையா வந்துடறேன்.”

“நாளைக்கா?”

“நான் ஹானரரிதாம்மா. ஃபுல் டைம் கிடையாது. நீங்க தூதரகத்துக்குப் பேசுங்க.”

கார்டிலிருந்து தூக்கியெறிந்த வார்த்தையை, வேண்டியபோது குடை மாதிரி விரித்துத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டார். வெட்கக்கேடு. போனை வைத்ததும் மறுபடி அடித்தது, தூதரகத்துப் பெண். தாங்கள் நாளைக்குத்தான் வந்து சேர முடியும், அதுவரைக்கும் சார்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். “பார்த்துக்கறேன் மேடம், கவலைப்படாதீங்க” என்றார் இவர்.

வீட்டுக்காரம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றிருந்தார்.

“என்னங்க, ஒரு எட்டுப் போயிட்டு வந்துடுங்களேன். ஆஸ்பத்திரி பக்கத்துலதானே இருக்கு. விழாவுக்கு இன்னும் நேரம் இருக்கே.”

“போனா லேசுல விடுவாங்களா? கையெழுத்து போடு, அதைப் பண்ணு, இதைப் பண்ணும்பாங்க.”

“போட்டாப் போச்சு.”

“அதில்லைம்மா…” என்று இழுத்தார். பிறகு உண்மையான காரணத்தைச் சொன்னார். “கோட்டுல மருந்து வாடை ஏறிடும்.”

அந்தம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார், அவ்வளவுதான். உள்ளே போய் ஒரு ஃபிளாஸ்கில் வெந்நீர் பிடித்தார். இரண்டு துண்டை எடுத்துப் பையில் வைத்தார். செருப்பை மாட்டிக்கொண்டார்.

“நீ எங்க கிளம்பிட்டே?”

“ஆஸ்பத்திரிக்கு.”

“நீ போய் என்ன பண்ணுவே? உனக்கு அந்த பாஷையே தெரியாதே.”

“பாஷை தெரியாதுதான். பக்கத்துல உட்காரத் தெரியும்.”

படியிறங்குகிறவரைப் பார்த்து அவர் மேலேயிருந்து சொன்னார்: “சரி, கான்சல் தரப்புலேருந்து வந்திருக்கேன்னு சொல்லு.” அந்த நேரத்திலும் அது அவருக்கு விட்டுப்போகவில்லை பாருங்கள்.

விழா ஜேஜே என்று நடந்தது. மண்டபம் நிறைந்த கூட்டம். தலைவர் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து அழைத்துப்போய் மேடையில் நடுநாற்காலியில் உட்காரவைத்தார். இவர் பேச எழுந்தார். நன்றாகவே பேசினார். அம்பாசிடர் அரசாங்கத்துக்கு, கான்சல் மனுஷர்களுக்கு என்று அந்தப் பெண் சொன்னதை அப்படியே எடுத்துவிட்டார். “கடல் தாண்டி வந்த இடத்துல ஒருத்தனுக்கு உயிர் போற ஆபத்துன்னா, அம்மாவுக்கு அடுத்தபடியா அவன் கூப்பிடுற பேரு என்ன தெரியுமா? கான்சல்!” என்றார். கைதட்டல் கூரையைப் பிய்த்தது. அது அடங்கும்போது கோட்டுப் பையில் போன் அதிர்ந்தது. தண்ணீர் குடித்துவிட்டு மீதியைப் பேசி முடித்தார். மீதியில் என்ன பேசினார் என்று அவருக்கே தெரியாது.

விருந்தில் எல்லோரும் சுற்றி நின்றுகொண்டு கை குலுக்கும்போது மறுபடி போன். வீட்டுக்காரம்மாதான். ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டு எடுத்தார்.

“என்னங்க, கொஞ்சம் வர முடியுமா? ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்றார். என் விரலைப் பிடிச்சுக்கிட்டுச் சொல்றார். என்னன்னு புரிய மாட்டேங்குது. வர முடியலைன்னா போனை அவர் வாய்கிட்ட வைக்கட்டுமா? நீங்க கேட்டு எனக்குச் சொல்லுங்க.”

தலைவரின் கை அப்போது இவர் தோள்மேல் இருந்தது. தோளில் கை போட்டுக்கொண்டு யாரிடமோ, “நம்ம கான்சல் சார் இருக்காரே” என்று சொல்லிக்கொண்டிருந்தார்.

“இங்க ஒரே சத்தமா இருக்கும்மா. அப்புறம் பேசறேன்” என்று வைத்துவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் நினைத்தார். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. கோட்டைக் கழற்றி மாட்டினார், சட்டை மாற்றிக்கொண்டார், செருப்பு மாட்ட நாற்காலியில் உட்கார்ந்தார். வயிறு நிறைந்திருந்தது, உடம்பு அசதி. கண்ணைத் திறந்தபோது ஜன்னலில் வெயில்.

வீட்டுக்காரம்மா ஃபிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு படியேறி வந்தார். தலை கலைந்து, கண் உள்ளே போயிருந்தது.

“போயிட்டார்” என்றார்.

ஒரு செருப்போடு எழுந்து நின்றார் இவர். “டீ போடட்டுமா?” என்று கேட்டார். அந்தம்மா குளிக்கப் போய்விட்டார். திட்டியிருந்தால் தேவலை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டிருந்தால் இவரும் பதிலுக்குக் கத்தி மனசை ஆற்றிக்கொண்டிருப்பார். அந்த வாய்ப்பையும் அந்தம்மா கொடுக்கவில்லை.

அதற்கப்புறம் மனுஷர் ஓடிய ஓட்டம் கொஞ்சநஞ்சமில்லை. பிணவறை, போலீஸ், சுங்கம், கப்பல் ஏஜென்ட், சவப்பெட்டி செய்கிறவர் என்று கடையைச் சாத்திவிட்டு அலைந்தார். வரிசையில் நின்றார், காரில் கொடியைச் செருகவில்லை. பார்த்தவர்களெல்லாம் கான்சல் என்றால் இவர்தான் கான்சல் என்றார்கள். அது ஒவ்வொரு தடவையும் ஊசி மாதிரி இறங்கியது.

தூதரகத்துப் பெண் ஆஸ்பத்திரிக்குப் போய் விசாரித்துவிட்டு நேரே இவர் வீட்டுக்கு வந்தார். “சார், கான்சல் வந்து விடிய விடியக் கூடவே உட்கார்ந்திருந்தார்னு அங்கே டூட்டி மாறி வந்த நர்ஸ் சொன்னாங்க. அம்பாசிடர்கிட்டயும் சொல்லிட்டேன். அவர் ரொம்ப நெகிழ்ந்துபோயிட்டார்.”

இல்லை என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். அது வாய் வரைக்கும் வந்தது. வந்த வார்த்தை எப்படித் திரும்பியதோ, “இதெல்லாம் கடமைதானே மேடம்” என்றது அந்தப் பாழாய்ப்போன வாய். சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் சட்டென்று நின்றது. பிறகு மறுபடி கேட்டது. அன்று முழுவதும் அவரால் சமையலறைப் பக்கம் போக முடியவில்லை. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றாலும் கடைக்குப் போய்க் குடித்தார்.

பையனின் அப்பா வந்தது அதற்கு மறுநாள். ரிட்டயரான பஸ் டிரைவர். அகலமான கை, சிவந்த முகம். அவர் ஊரில் கிளம்பும்போது போட்டிருந்த கனத்த கோட்டோடேயே, இந்த வெயிலில், மாடிப்படி ஏறி வந்தார். வேர்வை கழுத்தில் வழிந்துகொண்டிருந்தது, அதைத் துடைக்கணும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்ததும் இவருடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். தட்டுத்தடுமாறின இங்கிலீஷில்தான் பேசினார்.

“என் பையன் தனியாகச் சாகவில்லை என்று சொன்னார்கள். நீங்கள் பக்கத்தில் இருந்தீர்களாம். அவன் அம்மா உங்களுக்கு நன்றி சொல்லச் சொன்னாள். அவளால் வர முடியவில்லை.”

இவர் தலையை மட்டும் ஆட்டினார். ஆமாம் என்றும் சொல்லலாம், பரவாயில்லை என்றும் சொல்லலாம், அப்படி ஒரு ஆட்டல்.

“உங்களுக்கு எங்கள் பாஷை தெரியுமாமே. அவன் ஏதோ பேசிக்கொண்டே இருந்தான் என்றார்கள். என்ன சொன்னான்?”



ஒரு பொய் தயாராக நாக்கு நுனியில் இருந்தது. ‘அப்பா என்று சொன்னான்.’ சாகிறவன் அதைச் சொல்லாமலா இருப்பான்? கேட்கிற மனுஷருக்கும் நிம்மதி, ஊருக்குத் திரும்பிப் போய் மனைவியிடம் சொல்லவும் ஒன்று இருக்கும். யாருக்கு என்ன நஷ்டம்? இவர் வாயைத் திறந்தார். அப்போது வீட்டுக்காரம்மா டீயோடு உள்ளே வந்தார். இவரைப் பார்க்கவில்லை. வந்தவரின் கழுத்து வேர்வையைத்தான் பார்த்தார். டீயை வைத்துவிட்டு ஒரு துண்டை எடுத்து நீட்டினார்.

“நான் இல்லை” என்றார் இவர்.

அந்த மனுஷருக்குப் புரியவில்லை. இவர் பொறுக்கி வைத்திருந்த வாக்கியங்களில் இதற்கு ஒன்றும் இல்லை. இங்கிலீஷிலேயே சொன்னார். “நான் வரவில்லை. கூப்பிட்டார்கள், நான் வரவில்லை. எனக்கு அன்றைக்கு ஒரு விழா. என் மனைவிதான் இருந்தாள்.”

அந்த அப்பா இவர் முகத்தை நிதானமாகப் பார்த்தார். கோபப்பட்டிருந்தால் இவர் அவர் காலில் விழுந்திருப்பார். அவர் கோபப்படவில்லை. பிடித்திருந்த கையை விட்டார், நாற்காலியை எடுத்தார், வீட்டுக்காரம்மாவுக்கு நேராகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். இவர் பக்கம் அவருடைய முதுகுதான் இருந்தது. இவர் தன் வீட்டு ஹாலில் சுவரோரமாக நின்றார்.

அந்தம்மா பள்ளிக்கூடத்தில் படித்த இங்கிலீஷையும் கையையும் சேர்த்து வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். நெற்றியைத் துடைத்துவிட்டது, உதட்டில் வெந்நீர் தொட்டு வைத்தது, விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது. வலி கடைசியில் குறைந்த மாதிரிதான் இருந்தது என்றும் சொன்னார். அப்பா ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார்.

“ஒரே ஒண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு அர்த்தம் தெரியலை. யாராவது வந்து கேப்பாங்கன்னு மனசுக்குள்ள சொல்லிச் சொல்லி வச்சுக்கிட்டேன்” என்றவர், கண்ணை மூடிக்கொண்டு, மனப்பாடம் ஒப்பிக்கிற மாதிரி அந்தச் சத்தங்களை ஒவ்வொன்றாகச் சொன்னார்.

அப்பா இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அந்த அகலமான தோள் குலுங்கியது.

வீட்டுக்காரம்மா பதறிப்போய் முதல் தடவையாகப் புருஷனைத் திரும்பிப் பார்த்தார். “நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாங்க? என்ன அர்த்தம் அது?”

அவருக்கு அது முதல் சத்தத்திலேயே புரிந்துவிட்டது. அந்த ஊரில் இருந்த ஒரு வாரமும் ஓட்டல்காரியிலிருந்து ஃபாக்டரி முதலாளி வரைக்கும் எல்லோரும் அவரிடம் சொன்ன வாக்கியம். வெயில் ஊர்க்காரர், எங்கே போனாலும் அப்படியே விட்டுவிட்டு உள்ளே வந்துவிடுவார், உடனே நாலு பேர் கத்துவார்கள். இந்த ஊரிலேயே அது புரிகிற ஆள் அவர் ஒருத்தர்தான்.

“சொல்லுங்களேன்.”

“கதவைச் சாத்துங்க, குளிருதுன்னு சொல்லியிருக்கார்” என்றார்.

அந்தம்மா “வராந்தா கதவு” என்றார் மெதுவாக. “உடம்பு நெருப்பாக் கொதிச்சுதுங்க. கொஞ்சம் காத்து வரட்டும்னு நான்தான் அதைத் திறந்து வச்சேன். விடியற வரைக்கும் திறந்தேதான் கிடந்துது. அவர் சொல்லச் சொல்ல நான் இன்னும் நல்லாத் திறந்து விட்டேன்.”

இவர் ஒரு அடி முன்னால் வந்து நின்றார். அதற்கு மேல் கால் வரவில்லை.

“போன்லயாவது கேட்டுச் சொல்லியிருக்கலாமேங்க” என்று சொல்லிவிட்டு அந்தம்மா அழ ஆரம்பித்தார்.